மறதிக்கு எந்த மொழி?

இன்று என்ன தேதி? இது எந்த மாநிலம்? 100லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள்.

1975ல் அமெரிக்காவில் உருவாகி, உலகமெங்கும் டாக்டர்களின் மேஜைக்குப் போன 30 மதிப்பெண் ஞாபகத் தேர்வில் இருக்கும் கேள்விகள் இவை. மூணாறு மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளியே ஆயுளைக் கழித்த, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு தமிழ்ப் பாட்டியிடம் இவற்றைக் கேட்டால் என்ன ஆகும்? தேதி அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. சம்பள நாள் தெரியும். மாதம் ஆவணி என்பார். கேட்பவரின் தாளிலோ சிங்க மாதம் என்று இருக்கும். ஊர் எது என்றால், தாத்தா காலத்தில் விட்டு வந்த திருநெல்வேலிச் சீமைக் கிராமத்தைச் சொல்வார். ரேஷன் கார்டு கேரளாவுடையது. எழுதச் சொன்னால் சிரிப்பார்.

மதிப்பெண் குறையும். பாட்டிக்கு மறதி நோயா அல்லது தேர்வுக்குத் தமிழ் தெரியாதா? பதில் தெரியாமல் மாத்திரை எழுதுவதும் தவறு, 'வயசானா அப்படித்தான்' என்று வீட்டுக்கு அனுப்புவதும் தவறு. இந்தச் சின்னக் கேள்விக்கு விடை காண ஆராய்ச்சி வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் இல்லாமல் இல்லை என்பதுதான் வேடிக்கை.

நாட்டிலேயே வேகமாக நரைத்து வரும் மாநிலம் கேரளா. 2011 சென்சஸ்படி அங்கே 60 வயதைத் தாண்டியவர்கள் 12.6 சதவிகிதம், நாடு முழுவதற்குமான கணக்கு 8.6 சதவிகிதம்தான். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு 2021க்குச் சொன்னது கேரளாவில் 16.5, தமிழ்நாட்டில் 13.6 சதவிகிதம். 2031ல் கேரளாவில் ஐந்து பேருக்கு ஒருவர் முதியவராக இருப்பார். தமிழ்நாடும் 18 சதவிகிதத்தைத் தொட்டிருக்கும். முதலிடமும் அதற்கு அடுத்த இடங்களில் ஒன்றும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களுக்கு. இரண்டுக்கும் நடுவே, பாலக்காட்டிலும் இடுக்கியிலும், கேரளாவில் பிறந்து தமிழில் வயதாகிறவர்கள் இருக்கிறார்கள். 2011 கணக்கில் கேரளாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர்.

இவர்கள் எல்லோருக்கும் முதுமை ஒரே மாதிரி வருவதில்லை. கல்பாத்தி அக்ரஹாரத்தில் வீடு சொந்தம், ஆள்தான் இல்லை. பிள்ளைகள் மும்பையிலும் சென்னையிலும் அமெரிக்காவிலும். நவம்பரில் தேருக்கு வருகிறார்கள், தேர் நிலைக்கு வந்ததும் கிளம்புகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் இளையவர்களுக்குக் கோயமுத்தூர் கூப்பிடு தூரம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள மிஞ்சுவது முதியவர்கள். தேவிகுளம், பீருமேடு மலைகளில் நிலைமை நேர்மாறு. ஆள் உண்டு, வீடுதான் சொந்தமில்லை. 1951ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தர வேண்டியதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. வேலை முடிந்தால் லயமும் முடிந்தது. மகளோ மருமகளோ தோட்டத்தில் பெயர் பதிந்துகொண்டால் அதே கூரைக்குக் கீழே மூலையில் ஓர் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் 40 வருடம் கொழுந்து எடுத்தவர் மூட்டையைக் கட்ட வேண்டும். எங்கே? பல குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் சொல்லிக்கொள்ள ஒரு ஊர்ப்பெயர் மட்டுமே மிச்சம்.

பிள்ளைகள் தூரத்தில் இருப்பதால் வரும் முதுமையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் 1998ல் தொடங்கிய கேரள இடப்பெயர்ச்சி சர்வே, 2004ல் தொடங்கிய முதுமை சர்வே ஆகியவை அதற்குப் பெரிய ஆதாரங்கள். வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் பேத்தி படிப்பை விட வேண்டியிருக்கும் முதுமை அந்த அளவுக்கு ஆராய்ச்சி மேஜைக்கு வரவில்லை.

பல்லப்கர் சொன்ன பாடம்

முதுமை ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகம் மூலம் பணம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1974ல் தேசிய முதுமை ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது. அரசுப் பணத்தைப் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சி மானியமாகவும் பயிற்சி மானியமாகவும் பிரித்துத் தருவதுதான் அதன் முக்கிய வேலை. அந்தப் பணத்தில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் மேரி கங்குலி 1990களில் டெல்லி டாக்டர்களுடன் சேர்ந்து ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்கு வந்தார். அமெரிக்கக் கேள்வித்தாள் அங்கே செல்லுபடியாகவில்லை. பெரும்பாலான முதியவர்களுக்கு எழுத்து தெரியாது. ஆகவே தேர்வையே மாற்றினார்கள். ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்பதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள். படித்துவிட்டு அதன்படி செய்யுங்கள் என்பதற்குப் பதில், என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள். அப்படி 1995ல் வெளிவந்தது ஹிந்தி ஞாபகத் தேர்வு. அதைக் கொண்டு அளந்தபோது, அல்ஸைமர் நோய் பல்லப்கரில் உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளுள் ஒன்றாக இருந்தது. பழைய தாளையே பயன்படுத்தியிருந்தால் பாதிக் கிராமத்துக்கு நோய் முத்திரை விழுந்திருக்கும்.

அடுத்த உதாரணம் இன்னும் பக்கத்தில். மூணாறிலிருந்து பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருக்கும் கொச்சியில், 1998ல் சில ஆராய்ச்சியாளர்கள் கூடி '10/66' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். பெயரே புகார்தான். மறதி நோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவிகிதம்கூட அங்கே நடப்பதில்லை என்பது அதன் பொருள். வெல்கம் டிரஸ்ட் போன்றவற்றின் நிதி கிடைத்தது. இந்தியாவில் சர்வே நடந்த இடங்கள் இரண்டு: சென்னையும் வேலூரும். தமிழில் கேட்பதற்கான கேள்விகள் அதனால் கிடைத்தன. எனவே தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னைத் தெருவுக்கும் வேலூர்க் கிராமத்துக்கும் தைத்த சட்டை மூணாறு டிவிஷனுக்குப் பொருந்துமா என்று யாராவது அளந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது உதாரணம் அளவில் மிகப் பெரியது. மும்பையின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம், ஹார்வர்ட், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் நடத்திய இந்திய நீண்டகால முதுமை ஆய்வு 45 வயதைத் தாண்டிய 72,000க்கும் மேற்பட்டவர்களை 2017-18ல் சந்தித்தது. மத்திய சுகாதார அமைச்சகம், அமெரிக்க முதுமைக் கழகம், ஐ.நா. மக்கள்தொகை நிதியம் ஆகியவை செலவை ஏற்றன. அதன் கிளையாக நடந்த மறதி நோய் ஆய்வு 2023ல் ஒரு எண்ணைத் தந்தது: 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம், அதாவது 88 லட்சம் பேருக்கு மறதி நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். தோட்டத்துப் பாட்டி இந்த இரண்டு கணக்கிலும் வருகிறார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சும்மா இருக்கவில்லை. இந்திய மொழிகளுக்கென்றே ஒரு தேர்வுத் தொகுப்பை உருவாக்கி 2020ல் வெளியிட்டது. ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என ஐந்து மொழிகள். அந்த முதல் பட்டியலில் தமிழ் இல்லை. கேரளாவில் தமிழ் பேசும் முதியவருக்கு முன்னால் அந்தத் தொகுப்பு மலையாளத்தில்தான் பேசும். மலையாளம் அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான அளவு தெரியும். ஞாபகம் தடுமாறும்போது மனிதர்கள் பெரும்பாலும் பிறகு கற்ற மொழியை விட்டுப் பிறந்த மொழிக்குத் திரும்புகிறார்கள் என்பது டாக்டர்கள் கண்ட அனுபவம். அளக்க வேண்டிய நேரத்தில்தான் மொழி கைவிடுகிறது.

எத்தனை கதவுகள்

1999 ஜனவரியில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட முதியோர் தேசியக் கொள்கை, முதுமையியலுக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் மையங்கள் அமைக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் உதவி தரப்படும் என்று வாக்களித்தது. தொழில் நிறுவனங்களும் வங்கிகளும் டிரஸ்ட்டுகளும் பல்கலைக்கழகங்களில் முதுமையியல் இருக்கைகள் நிறுவக் கேட்டுக்கொள்ளப்படும் என்றும் சொன்னது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. தனியார் பணம் பெரிய அளவில் வந்ததற்கு எடுத்துச் சொல்லத்தக்கது பெங்களூர்தான். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தின் டிரஸ்ட் தந்த ரூ. 225 கோடியில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் எழுந்தது. கோலார் மாவட்டம் சீனிவாசபுரா கிராமங்களில் 10,000 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்வது அதன் திட்டம். கிராமத்து முதுமையும் பெரும் பணத்துக்குத் தகுதியான விஷயம்தான் என்று அது காட்டியிருக்கிறது.

சித்தூர், மூணாறு போன்ற இடங்களில் இருக்கும் கல்லூரி ஆசிரியருக்கோ மாணவருக்கோ கோடிகள் தேவையில்லை. அவர்களுக்குத் திறந்திருக்கும் கதவுகள் வேறு. முதல் கதவு யூ.ஜி.சி. நெட் தேர்வில் தேறி இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000, இரண்டு வருடத்துக்குப் பிறகு ரூ. 42,000. தலைப்பைத் தேர்ந்தெடுப்பது மாணவரும் வழிகாட்டியும்தான். சமூகப் பணி, உளவியல், சமூகவியல், ஏன் தமிழ் இலக்கியம் படித்தவர்கூட முதுமையைத் தலைப்பாக எடுத்துக்கொள்வதை எந்த விதியும் தடுக்கவில்லை.

இரண்டாவது, 1969ல் அமைக்கப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில். டாக்டர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகையும், ஆசிரியர்களுக்குச் சிறிய, பெரிய ஆராய்ச்சித் திட்டங்களும் தருகிறது. லயமும் ஓய்வும் என்ற தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மூன்றாவது, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வெளி மானியங்கள். ஞாபகத் தேர்வு போன்ற விஷயத்துக்கு இங்கேதான் போக வேண்டும்.  ஒரு மருத்துவக் கல்லூரியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. நான்காவது, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உடல் ஊனமுற்றோர், முதியோருக்கான தொழில்நுட்பத் திட்டம். மலைச்சரிவில் மூட்டு வலியோடு படி ஏறும் கிழவருக்கு ஒரு நல்ல ஊன்றுகோல் செய்ய நினைக்கும் பொறியியல் மாணவர்களுக்கு அது உதவும். ஐந்தாவது, மத்திய பயோடெக்னாலஜி துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட்டும் 2008ல் சேர்ந்து தொடங்கிய இந்தியா அலையன்ஸ். நிரந்தர வேலை இல்லாத இளம் ஆராய்ச்சியாளரும் அதன் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

பயிற்சிக்கும் வழி இருக்கிறது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978ல் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியபோது, கிழவர்களுக்கு எதற்குத் தனி டாக்டர் என்று கேட்க ஆளிருந்த காலம். 1996ல் அங்கேதான் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது. 2010-11ல் தொடங்கிய தேசிய முதியோர் உடல்நலத் திட்டத்தின் முதல் எட்டு மண்டல மையங்களில் சென்னையும் திருவனந்தபுரமும் உண்டு. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. டாக்டர் அல்லாதவர்களுக்கு டெல்லியின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் பயிற்சி தருகிறது.

அமெரிக்கப் பணம்? ஆசைப்படுவதில் தவறில்லை, விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்குள்ள முதுமைக் கழகம் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் பயிற்சி மானியத்தில் உதவித்தொகை பெற, அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரக் குடியுரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஆராய்ச்சி மானியம் வேறு. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கூட்டாளியாக இந்திய நிறுவனம் துணை மானியம் பெறுவதுதான் வழக்கமான பாதை. அந்தப் பாதையிலும் 2025 மே மாதம் ஒரு தடுப்பு விழுந்தது. புதிய நடைமுறை வகுக்கும்வரை வெளிநாடுகளுக்கான துணை மானியங்கள் கிடையாது என்று அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகம் அறிவித்தது. இந்தியப் பக்கத்திலோ, வெளிநாட்டு ஒத்துழைப்புள்ள சுகாதார ஆராய்ச்சிக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதி தர வேண்டும். பக்கத்து வீட்டுப் பாயசத்தை நம்பி அடுப்பை அணைக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

நாலு பல்கலைக்கழகம், ஒரு மலை

பணம் இருந்தும் ஆராய்ச்சி ஏன் இந்த மலைக்கு ஏறவில்லை? ஒரு காரணம் வரைபடத்தில் இருக்கிறது. சித்தூர் அரசுக் கல்லூரி கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. மூணாறு அரசுக் கல்லூரி கோட்டயத்து மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ். மலைக்கு இந்தப் பக்கம் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம், மதுரையில் காமராஜர் பல்கலைக்கழகம். நாலுக்கும் இந்த மக்கள் ஓரத்தில் இருப்பவர்கள். கேரளப் பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் தமிழர்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் கேரளாக்காரர்கள். 1956ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் எந்தப் பக்கம் என்று நடந்த சண்டை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அங்கே வயதானவர்களின் ஞாபகம்தான் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

இன்னொரு காரணம் பழக்கம். முதியோர் ஆராய்ச்சி டாக்டர்களின் வேலை என்று கலைக் கல்லூரிகள் ஒதுங்கிக்கொள்கின்றன. உண்மையில் ஒரு ஞாபகத் தேர்வை வேறு மொழிக்குக் கொண்டுவருவதில் பாதி வேலை மொழிக்காரர்களுடையது. முதலில் மொழிபெயர்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்கு மாற்ற வேண்டும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆரோக்கியமான முதியவர்களிடம் கேட்டு, படித்தவர் சராசரியாக எவ்வளவு வாங்குகிறார், படிக்காதவர் எவ்வளவு வாங்குகிறார் என்று அளவுகோல் போட வேண்டும். மேடைத் தமிழில் 'தாங்கள் தற்போது எவ்விடத்தில் உள்ளீர்கள்' என்று கேட்டால் தோட்டத்துக் கிழவி டாக்டருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார். தோட்டத் தமிழ், கொழிஞ்சாம்பாறையின் கொங்குத் தமிழ், அக்ரஹாரத்துப் பாலக்காட்டுத் தமிழ் மூன்றும் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? சித்தூர், மூணாறு அரசுக் கல்லூரிகளில் தமிழ்த் துறை இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலேயே ஒரு பாட்டி இருப்பார்.

கேரளாவின் 1969ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத உரிமை தந்தது. மனு போடத் தமிழ் உண்டு. மறதியைச் சோதிக்கத் தமிழ் வேண்டாமா என்று கேட்க இப்போது ஓர் இடமும் வந்திருக்கிறது. நாட்டிலேயே முதல் முறையாக முதியோருக்கென்று ஒரு மாநில ஆணையம் அமைக்கும் சட்டத்தைக் கேரள சட்டசபை 2025 மார்ச்சில் நிறைவேற்றியது. ஆணையம் கேட்டால் அரசு அசையும். ஆனால் கேட்பதற்கு ஆதாரம் வேண்டும், ஆதாரத்துக்கு ஆராய்ச்சி வேண்டும். பேச்சு மறுபடியும் கல்லூரி வாசலில்தான் வந்து நிற்கிறது.

எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு கல்லூரிகள், ஒரு மருத்துவக் கல்லூரி, பத்து மாணவர்கள், ஒரு சின்ன மானியம். ஆரம்பிக்க இவ்வளவு போதும். அடுத்த தடவை யாராவது லயத்துக்குப் போனால் 100லிருந்து ஏழைக் கழிக்கச் சொல்ல வேண்டியதில்லை. சம்பளத்தில் அட்வான்ஸ் போக மீதி எவ்வளவு என்று கேட்கட்டும். அந்தக் கணக்கை மூணாறுப் பாட்டி வாழ்நாள் முழுவதும் போட்டிருக்கிறார். அதில் தடுமாறினால்தான் கவலைப்பட வேண்டும்.